தளவாய்க்கு ஒரு தபால்தலை

நாஞ்சில் நாட்டில் வீரப் பரம்பரைக்குப் பஞ்சமே இல்லை. எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒரு படைத்தலைவரின் பேரன் இருப்பார். ஆனால் 1809-இல் தலக்குளத்தில், திருவிதாங்கூரின் முதன்மை அமைச்சராக இருந்த வேலுத்தம்பி தளவாயை 'எங்க ஆளு' என்று சொல்ல எத்தனை வாய் திறந்திருக்கும்?

வரி என்ற பெயரில் ஊரை உரித்த அமைச்சர் கூட்டத்தை எதிர்த்து, 1799-இல் ஜனங்களைத் திரட்டித் திருவனந்தபுரம் போனவர் அவர். அதற்காகப் புனிதராக்கிவிடாதீர்கள். தளவாயான பிறகு, 1804-இல், கஜானா காலி என்று சிப்பாய்களின் படியில் கை வைத்தார். சிப்பாய்கள் கிளம்பினார்கள். அடக்கக் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தைக் கூப்பிட்டார். 1805-இல் ஒப்பந்தம்: கம்பெனிக்கு வருஷத்துக்கு எட்டு லட்சம் ரூபாய். சொந்தச் சிப்பாயின் படியைக் குறைத்து அந்நியச் சிப்பாய்க்கு அழுதார்கள். இதற்குத்தான் இன்றைக்கும் சிக்கனம் என்று பெயர்.

பாக்கி ஏறியது. கம்பெனியின் ரெசிடெண்ட் மெக்காலே கழுத்தைப் பிடித்தார். 1809 ஜனவரியில் குண்டறையில் தளவாய் போர்க்கொடி தூக்கினார். பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி கம்பெனியிடம் விழுந்தது. திருவிதாங்கூர் அரசர் என்ன செய்தார்? தன் தளவாயைப் பிடிக்கத் தன் ஆட்களையே அனுப்பினார். மண்ணடிக் கோயிலில் தளவாய் உயிரை விட்டார். பிணத்தையும் விடவில்லை, திருவனந்தபுரம் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். கவர்னர் ஜெனரல் மிண்டோவே முகம் சுளித்தார். வெள்ளைக்காரனுக்கே கூசியது.

அடுத்தது குடும்பம். தம்பிக்குத் தூக்கு. தலக்குளத்து வீட்டை இடித்து, மனையில் வாழையும் ஆமணக்கும் நட்டார்கள். உறவினர்களை மாலத்தீவுக்குக் கப்பலேற்றினார்கள். கடல் கொந்தளித்துக் கப்பல் தூத்துக்குடியில் ஒதுங்கியது. சிலர் அங்கேயே தங்களை மாய்த்துக்கொண்டார்கள். சிலர் சிறையில் செத்தார்கள். மிச்சப் பேருக்குச் சவுக்கடி, நாடு கடத்தல். எந்த உறவினர் எந்தக் குண்டறைக்குப் போய்ச் சண்டை போட்டார்? யாரும் கேட்கவில்லை.

இப்போது அதே திருவனந்தபுரத்தில், தலைமைச் செயலகத்தின் முன் சிலை. 2010-இல் தபால்தலை. 1956-இல் தலக்குளம் தமிழ்நாட்டோடு வந்துவிட்டதால் சிலை அங்கே, மனை இங்கே. மாலைக்கு மட்டும் இரண்டு பக்கமும் குறைவில்லை. செத்தவர் படி கேட்க மாட்டார், பாக்கியும் கேட்க மாட்டார். அரசாங்கங்களுக்கு இப்படிப்பட்ட வீரர்களைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

தளவாயின் அடுத்த பிறந்தநாளுக்கு யாராவது மேடையேறி மீசையை முறுக்கினால் ஒன்று கேளுங்கள்: அவரை விரட்டிப் பிடிக்க ஆள் அனுப்பியது யார்? 'வெள்ளைக்காரன்' என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை அடுத்தவரிடம் நீட்டினால் விடாதீர்கள். அரண்மனையின் பெயரையும் அவருக்குப் பின் தளவாய் நாற்காலியில் உட்கார்ந்த உம்மிணித் தம்பியின் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள்.