சாலையில் ஓடும் கப்பல்காரர்

அமெரிக்காவில் சின்னப் பாய்மரப் படகு ஒன்றை டிரெய்லரில் ஏற்றி, பிக்கப் வண்டியில் மாட்டி இழுத்துக்கொண்டு திரியும் ஓர் இனம் உண்டு. தம்மை மாலுமி என்பார். என் கட்சி வேறு: அவர் லாரிக்காரர், படகு அவர் ஏற்றிச் செல்லும் சரக்கு. கணக்கைப் பாருங்கள். இந்த ரகத்தில் பேர்போனது 1969-ல் வந்த கேட்டலினா 22. நீளம் 21½ அடி, எடை ஏறத்தாழ ஒரு டன். காற்று முழுமனதோடு ஒத்துழைத்தாலும் நீரில் மணிக்குப் பதினோரு கிலோமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். அதே படகு கலிஃபோர்னியா நெடுஞ்சாலையில், டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்குச் சட்டம் விதித்த வரம்புக்குள்ளேயே 88 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதுவும் எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு நேராக. தண்ணீரில் எந்தப் பாய்மரப் படகும் எதிர்காற்றில் வளைந்து வளைந்துதான் போயாக வேண்டும். படகின் அகலத்தைக்கூடக் கடலைக் கேட்டு வைப்பதில்லை. 8½ அடியைத் தாண்டினால் சாலையில் தனி அனுமதி வாங்க வேண்டுமே!

ஏரிக்கரைக்கு வந்த பிறகாவது மாலுமி தலைகாட்டுவாரா என்றால், வருவது மெக்கானிக்தான். படுத்திருக்கும் பாய்மரத்தை நிமிர்த்தி, கம்பிகளை இழுத்துக் கட்டி, மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். (இது மட்டும் விளையாட்டல்ல, அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டு உயிர்கள் போயிருக்கின்றன.) பிறகு வண்டியைப் பின்னால் எடுக்கும் படலம். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். பின்னால் நிற்கும் மனைவி "இடது! இடது!" என்பார். அது வண்டிக்கா டிரெய்லருக்கா என்ற வழக்கு எத்தனையோ குடும்பங்களில் இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஓடிவந்த சூட்டில் சக்கரத்தின் பேரிங்குக்குள் காற்று விரிந்திருக்கும். குளிர்ந்த நீரில் முக்கியதும் அது சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆகவே கிரீஸ், மறுபடி கிரீஸ். மாலுமியின் கையில் உப்பு மணக்கும் என்பார்கள். இவர் கையில் மணப்பது வேறு.

"துறையில் படகு கட்டும் வாடகை மிச்சமாயிற்றே" என்பார். ஆயிற்று, மிச்சமானது பெரிய வண்டியின் பெட்ரோல் டாங்கில் போயிற்று. அடுத்த வாதம் கனமானது. துறையில் கட்டிய படகுக்கு அந்த ஒரு விரிகுடாவே உலகம். இவர் படகோ இந்த வாரம் மலை ஏரியில், அடுத்த மாதம் மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கடல்வழியாகப் போனால் பாஹா தீபகற்பத்தையே சுற்றிக்கொண்டு போக வேண்டிய இடத்துக்கு இவர் இரண்டே நாளில் போய்ச் சேருகிறார். மறுக்கவில்லை. ஆனால் எதில் போனார்? டயரில்! என் கட்சிக்கு அவரே சாட்சி. இதனால் அவர் ஏமாளி என்று நினைத்துவிட வேண்டாம். துறைகளில் மாதக்கணக்கில் அசையாமல் பாசி பிடிக்கும் பெரிய படகுகளின் சொந்தக்காரர்களைவிட, வீட்டு முற்றத்தில் தினமும் ஒரு திருகை முறுக்கும் இவரே சந்தோஷமானவர். உங்களுக்குப் பாய் விரித்துப் போகும் ஆசை இருந்தால் படகு வாங்காதீர்கள்; இவரைச் சினேகம் பிடியுங்கள். திரும்பும்போது பாய்மரத்தை இறக்க ஒரு கை கொடுத்தால் போதும்.