குருவி கொண்டுவர வேண்டிய பூ: வடசென்னைக் கேட்போர் குறித்து ஓர் ஆராய்ச்சி

காகத்திடம் மையும், குருவியிடம் பூவும், கிளியிடம் பாலும் கேட்கும் பாட்டு, தமிழ் வீடுகளில் குழந்தைக்குச் சோறு ஊட்டும் நேரத்துக்கு உரியது. மை குழந்தையின் கண்ணுக்கு, பூ கொண்டைக்கு, பால் கிண்ணத்துக்கு. இயற்றியவர் பெயர் இல்லை. மெட்டு இரண்டு மூன்று சுரங்களுக்குள் ஏறி இறங்கிவிடும். தாளம், பாடுபவரின் இடுப்பில் இருக்கும் குழந்தையின் எடையைப் பொறுத்தது. நீளத்தைப் பருப்புச்சோறு தீர்மானிக்கிறது. சோறு மிஞ்சினால் கொக்கு, மாடு, நிலா என்று மேலும் சிலரிடம் பொருள் கேட்கப்படும்.

வீட்டுக்கு வீடு பாடபேதம் உண்டு. ஆனால் பெரும்பாலான வடிவங்களில் காகமும் குருவியும் இடம் மாறுவதில்லை. காரணம் யாப்பு. க, கா, கை, கௌ ஆகியவை தம்முள் மோனை இனம். காக்காவுக்குக் கண் வாய்த்தது அப்படித்தான். கு, கூ, கொ, கோ இன்னோர் இனம், குருவிக்குக் கொண்டை. கி, கீ, கெ, கே மற்றோர் இனம்; கிளிக்குக் கிண்ணம். எந்தப் பறவைக்கு எந்தப் பொருள் கிடைக்கும், எதை அதனால் தூக்க முடியும் என்பதெல்லாம் கருதப்படவில்லை. வேலைப் பங்கீடு முழுவதும் முதலெழுத்தை வைத்து நடந்திருக்கிறது. பிற்கால அலுவலகங்கள் சில இம்முறையை இன்னும் கைவிடவில்லை.

பிற ஊர்களில் இப்பாட்டு தாலாட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்படும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகத்தை ஒட்டிக் கிடக்கும் பகுதியில் அது ஒரு சரக்குப் பட்டியலாகவும் காதில் விழுகிறது. இன்னார் இன்ன பொருளை இன்னாரிடம் சேர்க்க வேண்டும் என்பதுதானே அதன் சாரம். எனவே பாட்டு நன்றாயிருக்கிறதா என்பதில் இங்கு யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பொருள் வந்து சேருமா என்பதில்தான் கேட்போர் பிரிகிறார்கள். காகத்தின் பெயர் வரும்வரை அமைதியாகக் கேட்கிறார்கள். குருவி என்றதும் தலைக்கு ஒரு பேச்சு.

முதல் பிரிவினரை அபூர்வவாதிகள் எனலாம். இவர்கள் அடுக்கக வாசிகள். குருவி என்ற சொல் வந்ததும் பெருமூச்சு விடுவது இவர்களுடைய முதல் அடையாளம். செல்போன் கோபுரம் இருக்கும் திசையைப் பார்ப்பது இரண்டாவது. உலகச் சிட்டுக்குருவி நாள் 2010 முதல் மார்ச் 20 அன்று கொண்டாடப்படுகிறது என்பதை இவர்கள் அறிவார்கள். 2012இல் டெல்லி சிட்டுக்குருவியைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்ததையும் அறிவார்கள். குருவியைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்காது. குருவியை விரட்டியது கோபுரம்தான் என்ற குற்றச்சாட்டுக்கு 2018 நவம்பரில் வெளியான 2.0 திரைப்படம் பெரும் வலு சேர்த்தது. படம் வெளியாகும் முன்பே செல்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. குருவியின் பொருட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களே மனு எழுதிய அந்த நிகழ்வு பறவையியல் வரலாற்றில் தனி இடம் பெறத்தக்கது.

இரண்டாம் பிரிவினர் இருப்புவாதிகள். ஓட்டு வீடு, மரச்சட்டம், அரிசிக்கடை, திறந்து கிடக்கும் மீட்டர் பெட்டி ஆகியவற்றுக்கு நடுவே வாழ்பவர்கள். குருவி அரிது என்று யாராவது சொன்னால் இவர்கள் நேரடியாகப் புண்படுகிறார்கள். "இன்னாபா அபூர்வம்? நேத்துகூட எங்கூட்டு மீட்டர் பொட்டில குஞ்சு பொரிச்சு வெச்சுகீது" என்பது இவர்களுடைய வாதத்தின் சுருக்கம். இப்பறவைக்கு அடைக்கலக்குருவி என்றும் ஊர்க்குருவி என்றும் பெயர் வந்ததற்கு இவர்கள் வீடுகளே சான்று. புகைப்படச் சட்டத்தின் பின்புறம், டியூப்லைட்டின் மேல்விளிம்பு, மின்விசிறியின் கிண்ணம் என எதையும் விட்டுவைக்காமல் முன்பணமின்றிக் குடியேறும் பறவை இது. கட்டிய கூட்டைக் கலைப்பது பாவம் என்ற நம்பிக்கை இருப்பதால், குஞ்சு பறக்கும்வரை விசிறி போடாமல் வியர்வையில் உறங்கிய குடும்பங்கள் உண்டு. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை எதிரியாக நினைத்து அது மணிக்கணக்கில் கொத்துவதும் இவர்கள் அறிந்ததே. எனவே பாட்டைக் கேட்கும்போது இவர்களுக்கு ஏக்கம் வருவதில்லை, பழைய பாக்கிதான் நினைவுக்கு வருகிறது.

இவ்விரு பிரிவினரும் தத்தம் தரப்புக்குச் சான்றாக ஒரே அறிக்கையைக் காட்ட முடியும் என்பது இத்துறையின் விசேஷம். 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஏறக்குறைய நிலையாக இருப்பதாகச் சொன்னது. சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் குறைந்துவருவதாகவும் அதே அறிக்கை சொன்னது. கோபுரத்துக்கு எதிராக உறுதியான சான்று இல்லை என்றது. உலக அளவில் அழியும் ஆபத்து மிகக் குறைந்த இனங்களின் பட்டியலில்தான் குருவி இருக்கிறது. ஆக, குருவி அரிதா என்ற கேள்விக்கு விடை பறவையிடம் இல்லை, கேட்பவர் வீட்டுக் கூரையில் இருக்கிறது. கான்கிரீட் தளமும் கண்ணாடிச் சன்னலும் உள்ள வீட்டில் அது அரிய பறவை. அடுத்த தெரு ஓட்டு வீட்டில் அது தொந்தரவு. இரண்டு வீட்டுக்கும் இடையே சில சமயம் ஒரு குடிநீர் லாரி நிற்கும் அகலம்கூட இருப்பதில்லை.

மூன்றாம் பிரிவினரே இந்த வட்டாரத்துக்கு உரியவர்கள். பிற ஊர் ஆய்வாளர்கள் இவர்களைக் கவனிக்கத் தவறியிருக்கிறார்கள். இவர்களைச் சுங்கவாதிகள் எனலாம். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969இல் கடற்கரைச் சாலையில் பர்மா பஜார் உருவான காலம்தொட்டு, இப்பகுதியில் குருவி என்ற சொல்லுக்குச் சிறகில்லாத ஒரு பொருளும் வழங்கிவருகிறது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய், பிறருடைய சரக்கைத் தம் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்துக் கூலி பெறுபவர் குருவி. எண்பதுகளின் நடுப்பகுதி வரை ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலிலும் பின்னர் விமானத்திலும் கைக்கடிகாரம், கேமரா, செண்டு, டேப் ரிக்கார்டர் எல்லாம் இப்படி வந்து இறங்கின. இச்சொல்லையே தலைப்பாக வைத்து 2008இல் ஒரு திரைப்படமும் வந்தது. இந்தப் பொருளில் பழகிய காதுக்குப் பாட்டு முற்றிலும் வேறாகக் கேட்கிறது. ஒரு குருவியைக் கூப்பிட்டு ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். இதில் தாலாட்டு எங்கே இருக்கிறது? கூலி எவ்வளவு, டூட்டி யார் கட்டுவது, போயும் போயும் பூவையா கொண்டுவரச் சொல்வது என்பவையே இவர்களுக்கு எழும் கேள்விகள். திருவொற்றியூரில் முழம் போட்டு வாங்கக் கிடைக்கும் பூவுக்கு ஒரு குருவியை அனுப்புவது வீண்செலவு என்ற இவர்களுடைய கருத்தை மறுக்க ஆய்வில் எதுவும் அகப்படவில்லை.

உண்மையான குருவியால் இந்தப் பணி முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். அதன் எடை ஏறக்குறைய முப்பது கிராம். பூவோடு அதற்கு உறவு உண்டு, ஆனால் நல்லுறவு அல்ல: ஐரோப்பியத் தோட்டங்களில் வசந்தத்தில் பூக்கும் மஞ்சள் குரோக்கஸ் மலர்களைக் குருவி பிய்த்துப் போடுவது தோட்டக்காரர்களின் நெடுநாள் புலம்பல். தாவரப் பொருள்களை அது தூக்கிச் செல்வதும் உண்மை. கூட்டில் வேப்பிலை வைப்பதை இந்திய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், ஒட்டுண்ணிகளை விரட்டவாம். மெக்சிகோ நகரத்துக் குருவிகள் அதே வேலைக்குச் சிகரெட் துண்டுகளைச் சேகரிப்பதாக 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆகவே குருவி பொருள் கொண்டுவரும், தன் வீட்டுக்கு. கொண்டைக்கு என்று எதிர்பார்த்து நின்றால் கிடைக்கக்கூடியது இன்னதென்று மேற்கண்ட ஆய்வு காட்டுகிறது.

பாட்டில் அதிகம் பேசப்படாத காகமே துறைமுகத் தகுதி உடைய பறவை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஊர்க்காகம் கப்பலேறி உலகம் சுற்றிய இனம். கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களிலும் வளைகுடாவிலும் அது குடியேறியிருக்கிறது. 1990களில் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து வரை போய்ச் சேர்ந்தது. பின்னர் அந்நாட்டு அரசு அதை ஒழிக்க உத்தரவிட்டது. தாயகத்திலும் மரியாதை அதிகம் இல்லை: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் எலியோடும் பழந்தின்னி வௌவாலோடும் அது தீங்குயிராக வைக்கப்பட்டிருந்தது. அந்த அட்டவணை 2022 திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. இத்தனைக்கும் காசிமேட்டு மீன் ஏலத்துக்கு ஒரு நாளும் தவறாமல் வருவது அதுதான். பாட்டில் அதன் பெயர் வந்தால் யாரும் பெருமூச்சு விடுவதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் பறவையை நினைத்து ஏங்க முடியாது போலும்.

பாட்டின் ஒலி குறித்த கருத்து வேறுபாடு சிறியது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் வேளையில் மென்மையான பாட்டு என்பது கொள்கை அளவில்தான் சாத்தியம். நெதர்லாந்தின் லைடன் நகரத்துப் பட்டாணிக்குருவிகள் போக்குவரத்து இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி உயர்ந்த சுருதியில் பாடுவதாக 2003இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எண்ணூர்ப் பாட்டிகள் அதைக் கண்டறிய அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளவில்லை. தெற்கிலிருந்து வந்த விருந்தினர் இதைத் தாலாட்டு என்று நம்ப மறுத்து, சண்டையா என்று விசாரிப்பதுண்டு. இவ்வட்டாரத்துக்கு இசைச் சர்ச்சை புதிதல்ல. தியாகராஜர் வந்து தங்கி வடிவுடையம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடிய ஊர் திருவொற்றியூர். எண்ணூர்க் கழிமுகத்துக்காகக் கபேர் வாசுகி எழுதி, 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய பாட்டு வெளியானபோது, தெருத்தமிழ் ராகத்தில் உட்காருமா என்று சபைகள் இரண்டுபட்டன. சோறூட்டும் பாட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. உட்கார ராகமே இல்லாததால் சொற்கள் நின்றுகொண்டே இருக்கின்றன.

அண்மைக்காலத்தில் பாட்டைக் கைப்பேசியே பாடுகிறது. திரையில் வரும் குருவிக்கு நீல நிறம், கண்ணிமை, சில சமயம் தொப்பி. அடுக்ககத்துக் குழந்தை அறிந்த குருவி இதுதான். சன்னலில் உண்மையான குருவி வந்து உட்கார்ந்தால் அதன் பழுப்பு நிறம் கண்டு குழந்தை அதை ஏற்க மறுக்கிறது. குருவியை விரட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட கோபுரமே குருவிப் பாட்டை வீடுவீடாகக் கொண்டுவந்து சேர்ப்பது குறித்து அபூர்வவாதிகள் கருத்துத் தெரிவிப்பதில்லை. சிக்னல் கிடைக்காத நேரத்தில் மட்டும் தெரிவிக்கிறார்கள்.

எஞ்சியிருப்பது, பாட்டு யாருக்காகப் பாடப்படுகிறதோ அந்தக் கேட்பவர். மேற்கண்ட மூன்று பிரிவிலும் குழந்தை சேராது. காகம் என்றதும் வாயைத் திறக்கிறது. குருவி என்பதற்குள் சோறு உள்ளே போய்விடுகிறது. கிளி வரும்போது துப்புகிறது. எதிர்வினையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு பிரிவினர் இவ்வாய்வில் தென்படவில்லை. துப்பியதைத் துடைத்துவிட்டுப் பாட்டு மீண்டும் காகத்திலிருந்து தொடங்கும். கிண்ணம் காலியானதும் நின்றுவிடும். தரையில் சிந்திய பருக்கைகளை ஓட்டு வீடாக இருந்தால் குருவியும் மற்ற இடங்களில் காகமும் பொறுக்கிக்கொள்கின்றன. பூவைத் தெருமுனைப் பூக்காரம்மாவிடம் முழக்கணக்கில் வாங்கிக்கொள்கிறார்கள். மை இன்னும் வரவில்லை.