முன்னேற்றத்தைக் கழற்றும் கலை

நம் ஆட்களுக்கு எதையும் வாங்கியபடி வைத்துக்கொள்ளத் தெரியாது. ஓட்டு வீடு வாங்கினால் மாடி எழுப்புவார்கள். மாடி எழுப்பினால் அதன்மேல் தகரக் கொட்டகை போடுவார்கள். கார் மட்டும் தப்புமா? வாங்கிய மறுநாள் சீட் கவர், மறுவாரம் புது ஹாரன், அடுத்த ஆயுத பூஜைக்கு வேறு பெயின்ட். இப்படி ஒரு காருக்கு அதன் சொந்தக்காரர்கள் ஆசை ஆசையாகச் செய்த நல்ல காரியங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கழற்றுவதற்குப் பெயர்தான் பழைய கார் புதுப்பித்தல். பூட்டியவர்கள் செலவழித்ததைப் போலக் கழற்றுபவனுக்குப் பத்து மடங்கு ஆகும். அதனால்தான் இதைத் தொழில் என்று சொல்லாமல் பொழுதுபோக்கு என்கிறார்கள்.

என் காருக்கு எனக்கு முன்னால் ஒரே ஒரு சொந்தக்காரர்தான். என் பெரியப்பா. ஆனால் ஐந்தாறு பேர் செய்ய வேண்டியதை அவர் தனி ஆளாகச் செய்து முடித்திருந்தார். ஓய்வு பெற்ற எஞ்சினியர். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் "இதுல என்ன குறை?" என்றுதான் திருப்பிப் பார்ப்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், மாடிப்படியின் உயரம் அரை அங்குலம் கூடுதல் என்று சொல்லிவிட்டு வந்தவர். அந்த வீட்டுக்கே மாப்பிள்ளையான பிறகு படியை இடித்துக் கட்டிக் கொடுத்தார் என்பது குடும்ப வரலாறு.

அவர் கையில் மாட்டியது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு அறிமுகம். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் இது. உருவம் வரைந்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், மெட்ராஸுக்கு ஹெரால்டு என்று நாடே மூன்று கார்களில் அடங்கியிருந்த காலம். எஞ்சின் 948 சிசி. இன்றைய மோட்டார் சைக்கிள்களில் சிலவற்றுக்கு இதைவிடப் பெரிய எஞ்சின் இருக்கிறது.

ஆனால் அந்தக் காரில் இரண்டு அதிசயங்கள் உண்டு. ஒன்று, பானட். மற்ற கார்களைப் போல மூடி மட்டும் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் சகிதம் முன்பாதி முழுவதும் எழுந்து முன்னால் சாய்ந்துவிடும். மெக்கானிக் முன் டயர்மேல் சாவகாசமாக உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே வேலை பார்க்கலாம். இரண்டாவது, திரும்பும் வட்டம். 25 அடி அகலம் இருந்தால் போதும், வண்டி ஒரே மடக்கில் முழு வட்டம் அடித்துவிடும். மயிலாப்பூர்ச் சந்துகளுக்கென்றே ஒரு இத்தாலியர் யோசித்த மாதிரி இருக்கும்.

குறை என்று பார்த்தால் கதவு இரண்டுதான். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். பட்டுப்புடவையும் எவர்சில்வர் தூக்குமாக ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய பெரியம்மா, உள்ளே போனபின் வெளியே வர மாட்டேன் என்று சத்திர வாசலில் சத்தியாக்கிரகம் செய்தார்களாம். நாடெங்கும் பெரியம்மாக்கள் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பின்னால் அதே நிறுவனம் நாலு கதவு ஹெரால்டு ஒன்றைக் கொண்டுவந்தது. உலகத்தில் வேறெந்த நாட்டிலும் அது கிடையாது.

பெரியப்பாவால் கதவை மட்டும்தான் கூட்ட முடியவில்லை. மற்றதெல்லாம் நடந்தது. உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது என்று ஒரிஜினல் சீட்டைத் தூக்கிவிட்டு மாருதி 800இன் சீட்டைப் போட்டார். வெயிலில் எஞ்சின் கொதிக்கிறது என்று மாருதியின் எலெக்ட்ரிக் ஃபேனை ரேடியேட்டருக்குப் பொருத்தினார். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. டேஷ்போர்டில் குட்டி மின்விசிறி, பின்கண்ணாடிக்குத் திரை, ரிவர்ஸ் போட்டால் பாட்டுப் பாடும் ஒரு பெட்டி. தரையில் துரு பிடித்த இடத்தில் அலுமினியத் தகடு அடித்து ரிவெட் போட்டிருந்தார். தொண்ணூறு வயதை நெருங்கியதும் சாவியை என் கையில் கொடுத்து, "நல்ல கண்டிஷன்ல இருக்குடா. எதையும் கெடுத்துடாதே" என்றார்.

ஊரில் உள்ள பழைய கார் ஆசாமிகளிடம் வண்டியைக் காட்டினேன். ஒருவர் பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, துக்க வீட்டில் கேட்பது போல, "இப்படி ஆனது எப்போ?" என்றார். அன்று தொடங்கியது கழற்றல்.

முதலில் பெயின்ட். பட்டறையில் டிங்கர் வேலை செய்யும் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். அதைக் கதவின் மேல்பாதியில் வைத்தார், ஒட்டியது. கொஞ்சம் கீழே நகர்த்தினார், ஒட்டியது. இன்னும் கீழே வைத்தார், பொத்தென்று தரையில் விழுந்தது. "தகரமே இல்ல சார். வெறும் பட்டி" என்றார். விரலால் தட்டிக் காட்டினார். மேலே டங் டங் என்றது, கீழே மொத்தென்று கேட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்கக் குடும்ப வரலாறு ஒவ்வொரு அடுக்காக மேலே வந்தது. மேல் அடுக்கு வெள்ளை. அது மாருதி மோகம். அதன் கீழே மெரூன். அக்கா கல்யாணத்துக்கு அடித்தது. அதற்கும் கீழே ஒரு பச்சை. கேட்டைப் பூசி மிச்சமான பெயின்ட் என்று பெரியப்பாவே பின்னால் விளக்கினார். எல்லாவற்றுக்கும் அடியில், நகம் அளவு இடத்தில், வெளிறிய நீலம். "இதான் சார் ஒரிஜினல்!" என்று டிங்கர் அண்ணன் சொன்ன தொனியில் கீழடியில் பானை ஓடு கிடைத்த பரவசம் இருந்தது.

அடுத்தது உதிரி பாகம். சென்னையில் கார் வைத்திருந்தவர்களுக்குப் புதுப்பேட்டையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முழுக் காராக உள்ளே போவது தனித்தனியாக வெளியே வரும் இடம். ஹெரால்டு டைனமோ வேண்டும் என்றதும் கடைக்கார பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆல்டர்னேட்டர் வேலை செய்யலையா?"

"நல்லா வேலை செய்யுது பாய்."

"அப்புறம்?"

"அதை எடுத்துட்டு டைனமோ போடணும்."

பாய் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு என்னை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். இருவரும் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார்கள். பிறகு பாய் உள்ளே போய், ஆயில் ஊறிய கோணிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து வந்தார். "ஒரிஜினலா பாய்?" என்றேன். "ஒரிஜினல் மாதிரி" என்றார். அங்கே சரக்கு மூன்று தரம் என்பது போகப் போகப் புரிந்தது. ஒரிஜினல், ஒரிஜினல் மாதிரி, 'உக்காரும்'. ஹெரால்டுக்கு அடுத்து 1972இல் வந்த கெசல் காரின் பாகங்கள் பெரும்பாலும் மூன்றாவது ரகம். விலை மட்டும் மூன்றுக்கும் ஒன்று. முகத்தில் ஆசை தெரிந்தவனிடம் பாகத்துக்கு விலை சொல்வதில்லை, முகத்துக்குத்தான் சொல்கிறார்கள்.

டைனமோ பொருத்தியபின் பெரியப்பா அதை ஏன் மாற்றினார் என்பதும் தெரிந்தது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ போதிய கரன்ட் தராது. ராத்திரியில் சிக்னலில் நின்றால் ஹெட்லைட் அகல் விளக்காகிவிடும். பச்சை விழுந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால்தான் உயிர் வரும். அது போலவே எலெக்ட்ரிக் ஃபேனை எடுத்த பிறகு வெயிலின் அருமை தெரிந்தது. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி பம்ப்பை அடைத்துக்கொள்ளும். வண்டி நடுரோட்டில் நிற்கும். பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிக் கால் மணி நேரம் காத்திருப்பதுதான் மருந்து. காரில் ஒரு துண்டும் பாட்டில் தண்ணீரும் எப்போதும் இருக்கும். பார்ப்பவர்கள் எனக்குத்தான் காய்ச்சல் என்று நினைப்பார்கள்.

இதற்கிடையில் பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சின் இது. 2000ஆம் ஆண்டோடு இந்தியாவில் அது நின்றது. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்க்கும் பம்ப்பின் டயாஃப்ரத்துக்கும் எத்தனால் ஆகாது. அறுபது வயதுக்கு மேல் குடிக்கப் பழகிய ஆள் மாதிரி வண்டியின் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. எல்லாக் குழாய்களையும் மாற்ற வேண்டி வந்தது. இதற்கு மட்டும் ஒரிஜினல் பார்க்காதே என்று எல்லா ஆசாமிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். கொள்கையா, தீப்பிடிப்பதா என்று வரும்போது கொள்கை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

காரின் வயது பற்றியும் ஒரு குழப்பம். பழைய கார் கிளப்காரர்கள் கணக்கில் 1919 முதல் 1930 வரை செய்ததுதான் விண்டேஜ். என்னுடையது அறுபதுகளின் சரக்கு என்பதால் வெறும் கிளாசிக். ரோல்ஸ் ராய்ஸ்காரர்கள் முன்னால் நான் பொடியன். அரசாங்கம் தாராளம். 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய, பெரிதாக உருமாறாத இரு சக்கர, நாலு சக்கர வண்டிகள் எல்லாமே விண்டேஜ். புதிதாகப் பதிந்தால் 20,000 ரூபாய் கட்டணம், நம்பரில் 'விஏ' என்ற எழுத்து. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் ரேலிக்கும் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம், பழுது பார்க்கப் போகலாம். என் வீட்டம்மா இதைக் கேட்டுவிட்டு, "பழுது பார்க்க மட்டும் போகலாம்னா உங்க வண்டிக்கு இந்த சட்டமே தேவையில்லையே, அது வேற எங்கே போகுது?" என்றாள்.

ஒரு வழியாக வண்டி நீலமாயிற்று. கண்காட்சிக்குப் பெரியப்பாவையும் கூட்டிப்போனேன். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். குனிந்து சீட்டை அமுக்கிப் பார்த்தார். பானட்டைத் தூக்கச் சொன்னார். "ஃபேன் எங்கேடா?"

"எடுத்துட்டேன் பெரியப்பா. ஒரிஜினல்ல கிடையாதே."

"கிடையாதுன்னுதானே போட்டேன்!"

இதற்குப் பதில் எந்தப் பழைய கார் புத்தகத்திலும் இல்லை.

காலையில் கூட்டம் வந்தது. எல்லாரும் கேட்டது இரண்டே கேள்விகள். லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும், விக்கிறீங்களா. முதல் கேள்விக்குப் பதில் கேட்டவர்கள் இரண்டாவதைக் கேட்கவில்லை. ஒரு குழந்தையைத் திறந்த பானட்டுக்குள் டயர்மேல் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். கீழே இறக்கியபோது அதன் வெள்ளைக் கவுனில் கிரீஸ். அதுவும் ஒரிஜினல்தான்.

பிறகு நடுவர் வந்தார். கையில் டார்ச், அட்டையில் கிளிப் போட்ட தாள். இந்த உலகத்தில் நடுவர்கள் காரின் அழகைப் பார்ப்பதில்லை, தப்பைத் தேடுகிறார்கள். ரேடியேட்டர் குழாயைப் பிடித்திருந்த கிளிப்பில் டார்ச் அடித்தார். "இது பிற்கால கிளிப்." மார்க் போனது. பெயின்ட்டைத் தடவினார். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். நான் சிரித்தேன். அதற்கும் மார்க் குறைத்தார். கம்பெனியிலிருந்து வந்தபோது வண்டிக்கு இவ்வளவு பளபளப்பு கிடையாதாம். பார்த்துப் பார்த்துப் பூட்டிய போல்ட்டெல்லாம் ஒரே திசையில் நிற்பதும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அந்தக் காலத்துத் தொழிலாளி எவரும் இத்தனை நேரம் எடுத்திருக்க மாட்டார் என்றார். பெரியப்பாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு மலர்ச்சி.

எங்கள் பிரிவில் பரிசு பக்கத்தில் நின்ற காருக்கு. மங்கிய பெயின்ட், கிழிந்த சீட், டேஷ்போர்டில் வெடிப்பு. வாங்கிய நாளிலிருந்து யாரும் கை வைக்கவே இல்லையாம். சொந்தக்காரர் வெளியூரில் இருந்ததால் ஷெட்டைத் திறக்கவே ஆள் இல்லை. இப்போதெல்லாம் உலகம் முழுவதும் இப்படித் தொடாமல் கிடந்த கார்களுக்குத்தான் மவுசு. அதற்கென்று தனிப் பிரிவே வைத்துப் பரிசு தருகிறார்கள். நான் இதை விளக்கியதும் பெரியப்பா கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப நான் செஞ்சதுக்கு மார்க் இல்ல. அதை நீ கழட்டினதுக்கும் மார்க் இல்ல. ஒண்ணுமே செய்யாதவனுக்குக் கோப்பை. இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா சும்மா இருந்திருப்பேனேடா!"

அவரால் முடிந்திருக்காது. என்னாலும் முடியாது. திரும்பும் வழியில் வண்டி நின்றபோது, பம்ப்புக்கு ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்த என்னிடம், "இங்க ஒரு சின்னத் தகடு வெச்சு சூட்டைத் தடுத்துட்டா..." என்று ஆரம்பித்தார். என் காதும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பத்தான் செய்தது.

கழற்றிய சாமான்கள் எல்லாம் எங்கள் பரணில் இரண்டு கோணிகளில் இருக்கின்றன. காயலான் கடைக்குப் போடச் சொல்லி வீட்டில் தினமும் நச்சரிப்பு. நான் போடுவதாக இல்லை. மாருதி 800 வந்தது 1983இல். 2033 ஆனால் அதற்கும் ஐம்பது வயது. அரசாங்கக் கணக்கில் அதுவும் விண்டேஜ். அன்றைக்கு எவனாவது ஒருத்தன், அவன் அப்பா ஆசையாகப் போட்ட சொகுசு சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரிஜினல் மாருதி சீட்டுக்கும் ஃபேனுக்கும் புதுப்பேட்டையில் நாயாக அலைவான். நான் பாய் கடை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். அவன் முகத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வேன்.