64 சதவீதத்தில் நின்ற விண்டோஸ்

கே: பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். ஆசை விடவில்லை, கூடவே ஒரு 8 ஜிபி ரேமும் சேர்த்தேன். இப்போது விண்டோஸ் 11 போட்டால் ‘கெட்டிங் ஃபைல்ஸ் ரெடி’ 64 சதவீதத்தில் நிற்கிறது. விடிய விடியக் காத்திருக்கவா?
– கணக்கெழுதும் வாசகர், திருப்பூர்

ப: விடிய வேண்டாம். பென் டிரைவில் இருக்கும் குட்டி விளக்கைப் பாருங்கள். மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. உங்கள் அவசரத்துக்கு நடக்கவில்லை, அவ்வளவுதான். பழைய யுஎஸ்பி 2.0 பென் டிரைவ் என்றால் இன்னும் மெதுவாகத்தான் போகும். அரை மணி நேரமாக விளக்கிலும் அசைவில்லை, எண்ணிலும் அசைவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். காலி எஸ்எஸ்டியில் இழப்பதற்கு என்ன இருக்கிறது?

மறுபடி போடும்போது எண்ணைக் கவனியுங்கள். திரும்பவும் அதே 64 என்றால், பெரும்பாலும் பென் டிரைவில்தான் கோளாறு. அங்கே ஒரு ஃபைல் சரியாகப் பதிவாகவில்லை. வேறு பென் டிரைவில், மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்துப் புதிதாகத் தயார் செய்யுங்கள்.

ஒருமுறை 64, அடுத்த முறை 31 என்று இஷ்டத்துக்கு நின்றால் ரேமைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸ் ஃபைல்கள் சுருக்கப்பட்ட நிலையில் வருகின்றன. அவற்றை ரேமில் வைத்துத்தான் பிரிக்கிறது கம்ப்யூட்டர். நடுவில் ஒரு பிட் பிசகினாலும் கடைசியில் கணக்கு இடிக்கும். உங்கள் தொழிலில் இருப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

புது ரேமைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையதோடு மட்டும் போட்டுப் பாருங்கள். ஏறிவிட்டதா? ஆள் அகப்பட்டான். ஆனாலும் உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தனித்தனியே ஒழுங்காக ஓடும் இரண்டு ரேம்கள் ஒரே போர்டில் ஒத்துப்போகாமல் போவதுண்டு. பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள். புது ரேமை மட்டும் மாட்டி, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86 ஓடட்டும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் மாற்றித் தரச் சொல்லுங்கள். ‘ஒண்ணுதானே சார்’ என்ற சமாதானம் ரேமுக்குச் செல்லாது.

கே: ‘ஃபார்மேட் அடிச்சா எல்லாம் சரியாயிடும்’ என்கிறாரே எங்கள் ஊர் மெக்கானிக்?
– குழப்பத்தில் ஒருவர், தேனி

ப: வைரஸ் போகும், கல்யாண ஃபோட்டோவும் போகும். ரேம் பழுது மட்டும் போகாது.

கே: லேப்டாப்பில் பெரிய எஸ்எஸ்டி மாற்றினேன். பயாஸில் பெயர் தெரிகிறது. விண்டோஸ் போடும்போது டிஸ்க் பட்டியலே காலி. எஸ்எஸ்டி செத்துவிட்டது என்கிறார் கடைக்காரர்.
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ப: செத்தது பெரும்பாலும் பயாஸில் பெயர் சொல்லாதும்மா. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற கண்ட்ரோலரின் பின்னால் டிஸ்க் உட்கார்ந்திருக்கிறது. அதற்கான டிரைவர் விண்டோஸ் பென் டிரைவில் பெரும்பாலும் இருக்காது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென் டிரைவில் போட்டு ‘லோட் டிரைவர்’ கொடுங்கள். பிரிக்காமல் அப்படியே போட்டால் கண்டுகொள்ளாது. பயாஸில் விஎம்டியையே அணைப்பது இன்னொரு வழி. புதிதாகப் போடுபவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஏற்கெனவே ஓடும் விண்டோஸ் இருந்தால் கைவைக்காதீர்கள், அது பூட் ஆகாமல் படுத்துவிடும்.

கே: 100 சதவீதம் வருகிறது, ரீஸ்டார்ட் ஆகிறது, மறுபடி முதலிலிருந்து என்ன மொழி என்று கேட்கிறது. பேய் பிடித்திருக்கிறதா?
– இரவுப் பணியாளர், ஓசூர்

ப: முதல் ரீஸ்டார்ட்டில் பென் டிரைவைப் பிடுங்குங்கள், பேய் இறங்கிவிடும். பூட் வரிசையில் அது முதலில் நிற்கிறது.

கே: டெஸ்க்டாப்பில் என்விஎம்இ எஸ்எஸ்டி மாட்டி விண்டோஸ் போட்டேன். பிரமாதமாக ஓடியது. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றியதும் பூட் ஆகவில்லை. சி டிரைவ் புதுசில்தானே இருக்கிறது?
– அச்சகக்காரர், சிவகாசி

ப: குடிபோனது புது வீடு, சாவி பழைய வீட்டு ஆணியில். இஎஃப்ஐ பார்ட்டிஷன் உள்ள டிஸ்க் ஏற்கெனவே ஒன்று இருந்தால், இன்ஸ்டாலர் பூட் ஃபைல்களை அதிலேயே வைத்துவிடும் பழக்கம் உண்டு. பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டினால் இப்போதைக்கு ஓடும். தரவை நகல் எடுத்துக்கொண்டு, புது எஸ்எஸ்டியை மட்டும் வைத்து இன்னொரு முறை விண்டோஸ் போடுவதுதான் சுத்தமான வேலை.

போடும் முன் மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘எம்பிஆர் டிஸ்க், இதில் போட முடியாது’ என்று செய்தி வந்தால் பலரும் ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி, டிஸ்க்பார்ட்டில் ‘கிளீன்’, ‘கன்வர்ட் ஜிபிடி’ அடிக்கிறார்கள். வழி சரிதான். ஆனால் கிளீன் கட்டளை ‘நிச்சயமா?’ என்று ஒரு வார்த்தை கேட்காது. டிஸ்க் எண்ணை 0 என்பதற்கு 1 என்று அடித்தால், பத்து வருடத்துக் கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் ஒரு நொடியில் காலி.

திரும்ப மாட்டும்போது ஹார்டு டிஸ்க்கைக் காணோம் என்றால் பதற வேண்டாம். பல போர்டுகளில் எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி ஏறியதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தாமாக அணைந்துவிடும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். எவை அணையும் என்று போர்டின் கையேட்டிலேயே எழுதியிருக்கும்; யாரும் படிப்பதில்லை.

கே: புது போர்டு, டிடிஆர்5 ரேம். ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு. ஓஎஸ்ஸை எங்கே போய்ப் போடுவது?
– பொறுமை இழந்தவர், வேலூர்

ப: ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். முதல் முறை அந்த ரேமை போர்டு பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் பிடிக்கும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து.

கே: மதர்போர்டை மட்டும் மாற்றினோம். நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. யாரிடம் வாங்குவது?
– பள்ளி ஆசிரியர், கும்பகோணம்

ப: உங்களிடமேதான். அது பிட்லாக்கர் மீட்பு எண். டிஸ்க்கைப் பூட்டிய டிபிஎம் பழைய போர்டோடு போய்விட்டதால் கேட்கிறது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போனிலிருந்து நுழைந்து தேடுங்கள். பெரும்பாலும் அங்கே சேமித்திருக்கும். எங்கேயும் இல்லையென்றால் அந்தத் தரவு திரும்பாது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

கே: ‘கம்ப்யூட்டர் ஓடவில்லை, என்ன செய்ய?’ என்று போன மாதமே எழுதினேன். பதிலே இல்லையே?
– கோபக்கார வாசகர், மதுரை

ப: ஜோசியர்கூடப் பிறந்த நேரம் கேட்பாரே ஐயா! போர்டின் மாடல் என்ன, புதிதாக எதை மாட்டினீர்கள், எந்தக் கட்டத்தில் நின்றது என்று எழுதுங்கள். திரையில் பிழை எண் இருந்தால் அதையும் போனில் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.