ஷல்லும் மேயும்: சட்டம் வரைவோருக்கு ஒரு விக்ஞாபனம்

மகா ராஜராஜஸ்ரீ இந்திய சர்க்காரின் சட்டம் வரையும் இலாகாவார் சமூகத்துக்கு, இங்கிலீஷ் இலக்கணத்தைப் பிரம்படியின் சகாயத்தால் கற்றுக்கொண்ட பிரஜை ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

'ஷல்' என்றும் 'மே' என்றும் இங்கிலீஷ் பாஷையில் இரண்டு சிறு பதங்கள் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். முன்னது கட்டளை, பின்னது அனுமதி. முன்னதற்குச் 'செய்ய வேண்டும்' என்றும் பின்னதற்குச் 'செய்யலாம்' என்றும் தமிழ் சொல்லிக் கொடுத்த எங்கள் வாத்தியார், இரண்டையும் மாற்றி எழுதியவனைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்துவார். அந்தப் பெரியவர் தங்கள் இலாகாவின் கிரந்தங்களை ஒரு நாளும் வாசித்தவரல்லர் என்பதும், வாசித்திருந்தால் பெஞ்சுகள் போதாமற் போயிருக்கும் என்பதும் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

நமது அரசியல் சாசனத்தின் 343-ஆவது ஷரத்தையே எடுத்துக்கொள்வோம். யூனியனின் ஆட்சிமொழி ஹிந்தி என்று விதிக்கும் இடத்தில் 'ஷல்' கம்பீரமாக வீற்றிருக்கிறது. முதல் 15 வருஷங்களுக்கு இங்கிலீஷ் தொடரும் என்று கூறும் இடத்திலும் 'ஷல்'தான். அந்த 15 வருஷம் கழிந்த பின் இங்கிலீஷுக்குப் பார்லிமெண்டு சட்டம் செய்வதைப் பற்றிப் பேசும் இடத்திலோ, 'ஷல்' எழுந்து போய், அதன் ஆசனத்தில் 'மே' அமர்ந்துவிடுகிறது.

பிறகு 1963-ஆம் வருஷம், உள்துறை மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி கொண்டுவந்த ஆட்சிமொழி மசோதாவின் மூன்றாம் பிரிவு, ஹிந்தியோடு இங்கிலீஷும் தொடர்ந்து உபயோகிக்கப்பட'லாம்' என்று மொழிந்தது. அச்சட்டம் பிறந்த மாதமும் மே மாதமே என்பது தற்செயலாக இருக்கட்டும். ஹிந்தி பேசாத மக்கள் விரும்பும் வரையில் இங்கிலீஷ் இருக்கும் என்று 1959-இல் வாக்களித்திருந்த பிரதமர் நேரு, 'மே' என்றாலும் 'ஷல்' என்றாலும் இங்கே அர்த்தம் ஒன்றுதான் என்று சமாதானம் கூறினார். ஒன்றுதான் என்றால் 'ஷல்' என்றே எழுதிவிடுவதில் என்ன ஆட்சேபம் என்று ராஜ்ய சபையில் அண்ணாதுரை கேட்டார். இரண்டு குடமும் ஒரே வெண்கலந்தான் என்று சத்தியம் செய்கிற பாத்திரக்கடைக்காரர், நாம் கேட்ட குடத்தை மாத்திரம் எடுத்துக் கொடுக்க மறுத்தால், வாங்க வந்தவன் மற்றக் குடத்தைத் தட்டிப் பார்க்காமல் இருப்பானா?

தமிழன் அதைத் தட்டிப் பார்த்ததற்கு அவனுடைய இங்கிலீஷ் ஞானம் காரணமன்று. பெண் கேட்டுப் போன வீட்டிலும், கைமாற்றுக் கேட்டுப் போன வீட்டிலும், உத்தியோகச் சிபாரிசுக்காகப் போன பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையிலும் 'அதற்கென்ன, பார்க்கலாம்' என்ற திருவாக்கைக் கேட்டுக்கேட்டுத் திரும்பிய ஜாதி அவனுடையது. 'முடியாது' என்று சொல்ல மனமில்லாதவர், மோரும் வெற்றிலைபாக்கும் கொடுத்து, அதனோடு சேர்த்துக் கொடுக்கிற பதம் அது. ஆகவே டில்லியிலிருந்து 'மே' வந்தபோது, அகராதியைப் புரட்டாமலே அவன் அதை அடையாளம் கண்டுகொண்டான்.

அதன்பின் நடந்தவற்றில் பரிகாசத்துக்கு இடமில்லை. 1964 ஜனவரியில் திருச்சியில் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி ஹிந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தார். 1965 ஜனவரி 26-ஆம் தேதி ஆட்சிமொழிச் சட்டத்தின் அந்த மூன்றாம் பிரிவு அமலுக்கு வரும் வேளையில் மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள், துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் பல போயின, மத்திய மந்திரிகளான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். 1967-இல்தான் சட்டம் திருத்தப்பெற்று, ஹிந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத ராஜ்யங்களுக்கும் யூனியனுக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தில் இங்கிலீஷுக்கு 'ஷல்' கிடைத்தது. அந்த ராஜ்யங்கள் யாவற்றின் சட்டசபைகளும் வேண்டாமென்று தீர்மானிக்கும் வரையில் இவ்வேற்பாடு நீடிக்கும் என்ற காப்பும் கிடைத்தது. ஆயினும் இலாகாவாரே, தங்கள் திடசித்தத்தை மெச்சாதிருக்க முடியவில்லை: அந்த மூன்றாம் பிரிவின் முதல் வாக்கியத்தில் பழைய 'மே' இன்றைக்கும் அசையாமல் அப்படியே இருக்கிறது; 'ஷல்' அதன் காலடியில், விதிவிலக்கு வாசகத்தில், ஒண்டுக்குடித்தனம் செய்கிறது.

'ஷல்' கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ணுகிற பாமரர்களுக்காக 45-ஆவது ஷரத்தைத் தாங்கள் இயற்றி வைத்தீர்கள் போலும். பதினான்கு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் 10 வருஷத்துக்குள் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று அது ஆதியில் விதித்தது. 'ஷல்' அங்கே இருந்தது. ஆனால் கல்வி அளிப்பதன்மேல் அன்று, முயல்வதன்மேல்! கெடு 1960-இல் முடிந்தது, முயற்சி முடியவில்லை. 'அளிக்க வேண்டும்' என்று நேராக எழுதும் சாசனத் திருத்தம் 2002-இலும், அதை நிறைவேற்றும் சட்டம் 2009-இலும் வந்து சேர்ந்தன. 1950-இல் அரிச்சுவடி படிக்கவேண்டியிருந்த குழந்தை அதற்குள் தன் பேரனையே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கும்.

இவற்றையெல்லாம் ஆராய்ந்து குழம்பியிருந்த எனக்கு, பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்திலிருந்து வந்த வீட்டுவரி நோட்டீஸ் ஞானோதயம் அளித்தது. குறித்த தேதிக்குள் நான் வரி கட்ட வேண்டும் என்று அதன் முன்பக்கத்தில் 'ஷல்' உறுமியது; என் ஆட்சேபங்கள் பரிசீலிக்கப்படலாம் என்று பின்பக்கத்தில் 'மே' ஆட்டுக்குட்டிபோல் மெல்லக் கத்தியது. அப்போதுதான் தெளிந்தேன்: இவ்விரு பதங்களுக்கும் உள்ள பேதம் அர்த்தத்தில் இல்லை, எழுவாயில் இருக்கிறது. எழுவாய் பிரஜையானால் 'ஷல்'. எழுவாய் சர்க்காரானால் 'மே', அல்லது முயற்சியோடு முடிச்சுப் போட்ட 'ஷல்'. என் வாத்தியார் இதை அறியாமலே காலமானார்.

ஆகையால் என் பிரார்த்தனை சிறியது. ஒரே ஒரு வருஷத்துக்கு இவ்விரண்டையும் இடம் மாற்றி அச்சிடுமாறு உத்தரவிடுங்கள். நாங்கள் வரி கட்டலாம். தாங்கள் சாக்கடை வெட்ட வேண்டும். நாங்கள் நமூனாவை மூன்று பிரதிகளில் பூர்த்தி செய்யலாம். தாங்கள் அதைப் படிக்க வேண்டும். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான் என்று ஒரு பிரதமரே சொல்லியிருக்கும்போது, இந்த மாற்றத்தால் கஜானாவுக்கு ஒரு காசும் நஷ்டம் வராது அல்லவா?

தாங்கள் இக்கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்று கட்டளையிட என் எழுவாய்க்கு யோக்கியதை இல்லை. எழுதலாம். அந்தப் பதில் என்ன பதமாக இருக்கும் என்பதையும் அறிவேன். அதனால் மோரையும் வெற்றிலைபாக்கையும் நானே வாங்கி வைத்துக்கொண்டு, திண்ணையில் காத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
கீழ்ப்படிய வேண்டிய பிரஜை