மாதிரி வாக்காளர் ஆவது எப்படி?

சட்டமன்றத் தேர்தல் என்றதும் பதற வேண்டாம். 234 தொகுதி, 118 பெரும்பான்மை என்கிற கணக்கெல்லாம் டிவி விவாதக்காரர்கள் பாடு. உங்களுக்கு ஒரே வேலைதான். அதிலும் நீங்கள் ஏற்கெனவே பழுத்த அனுபவசாலி. கொஞ்சம் மெருகேற்றினால் போதும்.

1. பட்டியலில் பேர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துத் தொலைக்காதீர்கள். ஓட்டுப்பதிவு அன்று பூத் வாசலில் தேடுங்கள். இல்லையென்றால் "சதி!" என்று கத்துங்கள். வீடு மாறிய பிறகு படிவம் 8 கொடுத்தீர்களா என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கப்போவதில்லை.

2. வேட்பாளர் யாரென்று தெரிந்துகொள்ளாதீர்கள். சின்னம் போதும். சொத்து, கடன், நிலுவையிலுள்ள வழக்கு எல்லாவற்றையும் படிவம் 26-ல் அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். தேர்தல் ஆணைய இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வேறு எந்த இலவசத்தையும் விடாத நீங்கள் இதை மட்டும் விட்டுவிடுங்கள்.

3. தேர்தல் அறிக்கையை மளிகைச் சீட்டு மாதிரி படியுங்கள். 2006-ல் கலர் டிவி, 2011-ல் மிக்சி, கிரைண்டர், ஃபேன், 2021-ல் வாஷிங் மெஷின். குடிநீர், பள்ளிக்கூடம் என்று வரும் பக்கங்களைப் புரட்டிவிடுங்கள். 1982-ல் சத்துணவைக்கூட வீண்செலவு என்றார்கள். ஆகவே சத்துணவும் மிக்சியும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் பார்க்க ஆரம்பித்தால் யோசிக்க வேண்டிவரும்.

4. காலையில் ஒரு கட்சிக்கு ஆரத்தி எடுங்கள். தட்டில் நோட்டு விழும். சாயங்காலம் எதிர்க்கட்சி வரும். கரைத்ததைக் கீழே ஊற்றிவிடாதீர்கள்.

5. இனி முக்கியப் பாடம். ஓட்டுக்குத் தரும் பணத்தை லஞ்சம் என்று சொல்லாதீர்கள்; "கவனிப்பு" என்று சொல்லுங்கள். பாரம்பரியம் உள்ள விஷயம் இது. 2009 இடைத்தேர்தலோடு "திருமங்கலம் ஃபார்முலா" என்று பேரே நிலைத்துவிட்டது. 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தே ஆனது.

அ) "வீட்டில் எத்தனை ஓட்டு?" என்றால் துபாயில் இருக்கும் பையனையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆ) எல்லாரிடமும் வாங்குங்கள். அதிகம் கொடுத்தவருக்கே போட்டு நாணயத்தைக் காப்பாற்றுங்கள். வாங்கின காசுக்குத் துரோகம் செய்வது பாவம்.

இ) கணக்குப் போடாதீர்கள். சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் வரை செலவு செய்யலாம். தொகுதியில் இரண்டரை லட்சம் ஓட்டு என்றால் தலைக்குப் பதினாறு ரூபாய், ஒரு டீக்குச் சரியாக இருக்கும். உங்கள் கையிலிருக்கும் ஐந்நூறு எங்கிருந்து வந்தது, எங்கே போய் வசூலாகும் என்று வகுத்துப் பார்த்தால் தூக்கம் கெடும்.

ஈ) பக்கத்துத் தெருவுக்கு வந்து உங்கள் தெருவுக்கு வரவில்லையா? சாலை மறியல் செய்யுங்கள். தண்ணீர் லாரி வராத நாளில் உட்காராத ரோட்டில் இன்றைக்கு உட்காருங்கள்.

6. முடிந்தால் ஓட்டே போடாதீர்கள். சம்பளத்தோடு லீவு, கொடைக்கானல் போங்கள். ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்? 2021-ல் தி.நகரில் வித்தியாசம் 137. 2016-ல் ராதாபுரத்தில் வெறும் 49. வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. நாற்பத்தொன்பது பேர் என்பது ஒரு டூரிஸ்ட் பஸ்.

7. போயே ஆகவேண்டும் என்றால் நோட்டா. 2013-லிருந்து இருக்கிறது. நோட்டாவே முதலிடம் வந்தாலும் அடுத்து வந்தவர்தான் எம்.எல்.ஏ. உங்கள் கோபமும் ஆறும், அவருக்கும் நஷ்டமில்லை. 1996-ல் மொடக்குறிச்சியில் எதிர்ப்பைக் காட்ட விவசாயிகள் கூட்டமாக மனு போட்டு, மொத்தம் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள், வாக்குச்சீட்டே புத்தகமானது. அவ்வளவு மெனக்கெடாதீர்கள்.

8. மை காய்வதற்குள் செல்ஃபி. ரிசல்ட் வந்ததும், ஜெயித்தவருக்கே போட்டதாகச் சொல்லுங்கள்.

9. பிறகு எம்.எல்.ஏ.வைத் தொகுதியில் தேடாதீர்கள். 2017 பிப்ரவரியில் நூறு பேருக்கு மேல் கூவத்தூர் விடுதியில் தங்கியிருந்தபோதுதான், தங்கள் எம்.எல்.ஏ. எங்கே இருக்கிறார் என்பது பல தொகுதி மக்களுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. ரொம்பப் பார்க்கவேண்டும்போல இருந்தால் பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை வையுங்கள், கட்டாயம் வருவார். அங்கே சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேச்சை எடுக்காதீர்கள். மொய் குறையும்.