லொகேஷன் அண்ணன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்தக் கம்பெனி கேண்டீனுக்குள் நுழைந்தாலும் ஒரு லொகேஷன் அண்ணன் உட்கார்ந்திருப்பார். இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்ப்பதற்குள் போனை நம் மூக்குக்கு நேராக நீட்டுவார். "ஜி, இதைப் பாருங்க. யாருக்குமே தெரியாத பீச்." யாருக்குமே தெரியாத அந்த பீச்சுக்கு மேப்பில் ஏற்கெனவே நாலரை ஸ்டார் விழுந்திருக்கும்.

வாரத்தில் ஆறு நாள் அவர் நம்மைப் போன்ற மனிதர்தான். முறுக்குக் கம்பிக்கு விட்டம் அளப்பார், லாரிக்கு கேட் பாஸ் கொடுப்பார், ஓ.டி. கணக்கில் அரை மணி குறைந்தால் சண்டைக்குப் போவார். சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு சிவப்புக் குண்டூசி வந்து விழும். அதோடு போயிற்று நம் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு.

எங்கள் அண்ணனிடம் நடையை நடை என்று சொல்லிவிடக் கூடாது. டிரெக்கிங். தமிழில் சொல்லியே தீருவேன் என்றால் மலையேற்றம். கும்மிடிப்பூண்டிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். பொன்னேரி ஸ்டேஷன் படிக்கட்டு ஒன்று, பழவேற்காட்டில் ஏரியைத் தாண்டும் பாலம் ஒன்று. இரண்டையும், பாறை ஏறுவதற்கென்றே செய்த, கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் ஷூவோடு அண்ணன் ஏறினார். முதுகில் மூட்டை. மூட்டையிலிருந்து ஒரு குழாய் வந்து வாயோரம் தொங்கும். தாகமெடுத்தால் அதை உறிஞ்ச வேண்டும். பார்ப்பவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். கையில் மடக்குக் கம்பு, கழுத்தில் விசில், இடுப்பில் திசைகாட்டி. கிழக்கே கடல் இருக்கிற ஊரில் திசைகாட்டி எதற்கு என்று கேட்டேன். "சேஃப்டி ஃபர்ஸ்ட் ஜி" என்றார். நாங்கள் ஹெல்மெட் போடாமல் ஷெட்டுக்குள் நுழைந்தால் சொல்லும் அதே குரல்.

போன ஜனவரியில் ஒருநாள். கும்மிடிப்பூண்டியில் விடியாத நேரத்து ரயில், கவரைப்பேட்டை தாண்டிப் பொன்னேரி, அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ். பஸ்ஸில் மீன் கூடைக்காரம்மாக்கள், பள்ளிவாசல் தெருவுக்கு விருந்து போகும் குடும்பம் ஒன்று, நாங்கள் ஐந்து பேர். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரும் போகாத இடத்துக்குப் போவதாக வீடியோ எடுத்துக்கொண்டு வந்தார். 1613இல் டச்சுக்காரன் கோட்டை கட்டிய ஊரை எங்கள் அண்ணன் இந்த வருஷம் கண்டுபிடித்தார். டச்சுக் கல்லறை வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கும். எங்கள் கோலத்தைப் பார்த்து அவையும் சிரித்ததாகவே எனக்குப் பட்டது.

பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஏரி வெள்ளித்தட்டாகக் கிடந்தது. சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. தூரத்தில் பூநாரைகள் ஒரு கோடாக நின்றன. இடுப்பளவு தண்ணீரில் சில பெண்கள், பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்: "என்னா அமைதி ஜி! ஆளே இல்ல பாருங்க."

கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் அண்ணன் வடக்கே கையைக் காட்டினார். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம்தான் கன்னி மணலாம்; மேப்பில் மணல் ஒட்டியிருக்கிறதாம்; நடந்தே போய்விடலாமாம். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிரவே இல்லை.

"போன்ல மணலு இருக்கும்பா. இங்க தண்ணி இருக்கு."

கோடையில் மணல் மேவி முகத்துவாரம் அடைத்துக்கொள்ளும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரித் தண்ணீர் முட்டி அதை உடைத்துக்கொண்டு போகும். போன வருஷம் இருந்த இடத்தில் இந்த வருஷம் வாய் இருக்காது. மேப்புக்குப் படம் பிடித்த நாளில் அது மூடிக் கிடந்திருக்க வேண்டும். பெரியவர் ஊசியை நிறுத்திவிட்டு, 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப்பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் போனதை இரண்டே வாக்கியத்தில் சொன்னார். அண்ணன் திசைகாட்டியைப் பார்த்தார். தெற்கே நடந்தோம்.

கடற்கரை மணலில் நடப்பதற்கென்று ஒரு வித்தை உண்டு. அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில், வெறுங்காலோடு நடக்க வேண்டும். குப்பத்துப் பையன்கள் அப்படித்தான் பந்து உதைத்துக்கொண்டு எங்களைக் கடந்தார்கள். அண்ணனோ மேட்டு மணல்தான் உண்மையான டிரெயில் என்று அடம்பிடித்தார். அங்கே அடும்பங்கொடி காலைச் சுற்றியது. அதைவிடக் கொடுமை, இராவணன் மீசை. மணலைக் காற்றில் போகாமல் பிடித்து வைக்கிற நல்ல புல்தான். ஆனால் ஷூவுக்கும் பேண்ட்டுக்கும் நடுவில் எங்கே தோல் தெரிகிறதென்று அதற்குத் தெரியும். மணிக்கொரு தரம் அண்ணன் உட்கார்ந்து ஷூவைக் கவிழ்ப்பார். ஒவ்வொரு தடவையும் அரைப்படி மணல்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மிக்சர் கவரை மணலில் போட்டால் அண்ணன் அடிக்க வருவார். ஒதுங்கிக் கிடந்த பாட்டில்களையும் அறுந்த வலைத்துண்டுகளையும் சாக்கில் பொறுக்கிக்கொண்டே வந்தார். பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் காலம் இது, வலையில் சிக்கினால் செத்துவிடும் என்றார். பிறந்த கடலோரத்தைத் தேடிப் பல நூறு கிலோமீட்டர் நீந்தி வரும் அந்த ஆமைக்கு யார் லொகேஷன் அனுப்பினார்கள் என்று கேட்க நினைத்து, சாக்கைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

போட்டோ எடுப்பதில்தான் அவருடைய முழுத் திறமையும். "தெக்கே பாத்து எடுக்காதீங்க!" தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கிரேன்கள், அதற்கு அப்பால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். "மேற்கேயும் வேணாம்." மேற்கே குப்பத்து ஓட்டு வீடுகளும் ஒரு டிஷ் ஆன்டெனாவும். வடகிழக்கே, முழங்கால் போட்டு, போனைச் சரித்துப் பிடித்தால் மனித வாடையே இல்லாத கடற்கரை கிடைத்தது. கருவாட்டு வாடை இருந்தது. அது படத்தில் விழாது.

உச்சி வெயிலில் குண்டூசி வந்து சேர்ந்தது. அதாவது நாங்கள் அதன் மேல் போய் நின்றோம். கரையில் ஏற்றிய படகுகள், ஐஸ் பெட்டி, மணலில் விரித்த வலைமேல் நெத்திலி காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி.

"பாட்டி, இங்க பீச் எங்க இருக்கு?" என்றார் அண்ணன்.

பாட்டி கடலைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். "அதுலதாம்பா நிக்கிற."

எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தார். லைட்ஹவுஸிலிருந்து நடந்தே வருகிறோம் என்றதும் நெத்திலியைக் கிளறிய கை நின்றது.

"ஏன் சாமி, ஆட்டோவுக்குக் காசு இல்லியா?"

"இல்ல பாட்டி, எக்ஸ்ப்ளோர் பண்றோம்."

பாட்டிக்கு அது ஏதோ வியாதி என்று பட்டிருக்க வேண்டும். பேத்தியைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குழாயை ஓரமாக ஒதுக்கிவிட்டு அண்ணன் இரண்டு சொம்பு குடித்தார். கையோடு அரைக் கிலோ நெத்திலிக் கருவாடும் வாங்கிக்கொண்டார். பேத்தி கூப்பிட்டுவிட்ட ஆட்டோவில் பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தோம். அண்ணன் வழியெல்லாம் பேசவில்லை. கைக்கடிகாரத்தில் ஆட்டோ தூரமும் டிரெக்கிங் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தவில்லை.

அன்று ராத்திரி ஸ்டேட்டஸில் படம் வந்தது. நீலம், வெண்மை, மஞ்சள். கீழே, "மனிதக் காலடி படாத கடற்கரை." நாங்கள் ஐந்து பேரும் மரியாதைக்கு இதயம் போட்டோம்.

மறுநாள் கேண்டீனில் அண்ணன் வாட்டமாக இருந்தார். காலடியே படாத கடற்கரையில் அரைக் கிலோ கருவாட்டை யார் விற்றது என்று அண்ணி கேட்டிருக்கிறார். அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை.